சிறு தொழிலும் கைமுதலும்

கல்வி முற்றியதும் உத்தியோகம் ஒன்றையே நாடி நிற்றல் நம்மவரிடை நெடுநாளாக வேரூன்றிய வழக்கம். இந்நாளிலோ, தாமே ஒரு சிறு தொழில் தொடங்கவேண்டுமென்னும் அவா மாணாக்கர் பலரிடத்தும் எழுந்துள்ளது. இது பாராட்டற்பாலதே. ஆயினும், அதற்கு வேண்டும் பொருள் பெரும்பாலும் தாயின் நகையை அடகு வைத்தோ, தந்தையின் நெடுநாட் சேமிப்பிலிருந்தோ வருவது. ஆதலின், தொழில் நொடிக்குமாயின் அதனோடு நொடிவது ஒரு குடும்பமாகும். அங்ஙனம் நொடிதற்குரிய காரணங்களுள் பலரும் கருதாத ஒன்றை ஈண்டு ஆராய்வாம்.

தொழில் தொடங்குவோர், ‘ஊதியம் வருமா?’ என்று வினவுகின்றனர். ‘அஃது எப்பொழுது கைக்கு வரும்?’ என்று வினவுவார் சிலரே. ஊதியம் வேறு, கையிருப்பு வேறு. இரண்டனையும் ஒன்றெனக் கொள்வதே கேட்டிற்கு வித்தாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒருவர் 10,000 ரூபாய் முதலுடன் ஊறுகாய்த் தொழில் தொடங்குகின்றார் எனக் கொள்வோம். பாத்திரம், அடுப்பு, தராசு முதலியவற்றிற்கு 6,000 ரூபாய் செலவாகின்றது. எஞ்சிய 4,000 ரூபாய்க்கு மாங்காய், எண்ணெய், மிளகாய்ப்பொடி, புட்டிகள் வாங்கி, 100 புட்டி ஊறுகாய் ஆக்குகின்றார். புட்டி 60 ரூபாயாகக் கடைகளுக்குக் கொடுக்க, 6,000 ரூபாய் வரவேண்டும். சரக்கின் செலவு போக 2,000 ரூபாய் மிச்சம் என்று கணக்கேடு காட்டுகின்றது. ஆனால், இரண்டு மாதங் கழித்தே பணம் தருவதாகக் கடைக்காரர் கூற, இவரும் இசைகின்றார். மறுநாள் மாங்காய் வாங்கக் கையில் காசில்லை, அடுப்பு அணைகின்றது. வாடகையும் வட்டியுமோ நில்லாது ஏறுகின்றன. மேலுங் கடன் வாங்கிக் காலந்தள்ளின், வரவேண்டிய மிச்சத்தை வட்டியே விழுங்கிவிடும். ஏட்டில் ஊதியம் இருக்கவே தொழில் மடிகின்றது.

கருவிகளில் முடங்கிய பணத்தை நிலைமுதல் என்றும், காசாகவும் சரக்காகவும் மாறிமாறிச் சுழலும் பணத்தை நடைமுதல் என்றும் கூறலாம். மேற்கூறியவர் கருவிகளுக்கு 2,000 ரூபாய் மட்டுமே செலவிட்டு, பாதிச் சரக்கையேனும் ரொக்கத்திற்கு விற்றிருப்பின், நடைமுதல் வற்றியிராது.

நிலைமுதலைச் சுருக்கி வளர்ந்த தொழிலுக்கு மும்பையின் லிஜ்ஜத் அப்பளம் தக்க சான்று. 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், கிர்காம் பகுதியில் ஏழு பெண்மணிகள், சகன்லால் பாரேக் என்னும் சமூக ஊழியரிடம் 80 ரூபாய் கடன் பெற்று, தம் குடியிருப்பின் மொட்டைமாடியிலேயே அப்பளம் இடத் தொடங்கினர். முதல்நாளில் ஆனவை நான்கே கட்டு. மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால், முதலாண்டில் நான்கு மாதம் தொழிலை நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டில் அவர்கள் கண்ட வழி மிக எளியது: ஒரு கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். நட்டமே வரினும் நன்கொடை பெறுவதில்லை என்றும் உறுதி பூண்டனர். பின்னர்ச் சேர்ந்த பெண்டிரும் பிசைந்த மாவைத் தத்தம் இல்லத்திற்குக் கொண்டுசென்று இட்டுத் தந்தமையால், அப்பளம் இடுதற்கெனப் பெருங்கட்டிடம் வேண்டியதாயில்லை. 1966-இல் அது சங்கமாகப் பதிவு பெற்றது. இன்று பல்லாயிரம் பெண்டிர்க்குப் பிழைப்பளிக்கின்றது. எழுவருள் ஒருவராகிய ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையார்க்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதனால் நாம் அறியத்தக்கவை மூன்று. முதலாவது, இல்லத்திலுள்ள பொருள்களைக்கொண்டு இயன்றவரை தொழில் தொடங்குதல். இரண்டாவது, சிறு அளவிற் செய்து விற்றுப் பார்த்த பின்னரே பெருக்குதல். மூன்றாவது, கடனுக்கு விற்குமுன், அப்பணம் வருங்காறும் தொழிலை நடத்தக் கையிருப்பு உண்டா என்று எண்ணுதல். வாரந்தோறும் வரவு செலவு எழுதி, வரவேண்டியதைத் தனியே குறித்துவரின் இம்மூன்றும் எளிதாம்.

நந்தமிழில் ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வணிகர் இடும் பொருளையும் குறிக்கும். செலவையும் வரவையும் பின்விளையும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணித் தொடங்குமாறு திருவள்ளுவரும் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்துள் அறிவுறுத்துகின்றார். ஆதலின் நண்பர்காள், தொழில் தொடங்க அஞ்சவேண்டா. கைமுதலை எண்ணாது தொடங்கவே அஞ்சுக.