உயிரே இல்லாத நோய்க்கிருமி!



போன மாதம் அறிவியல் வகுப்பில் டீச்சர் பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, புரோட்டோசோவா என்று போர்டில் எழுதினார்கள். "உயிர் இல்லாத ஒண்ணு நோயைப் பரப்புமா டீச்சர்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் மட்டும் சிரிக்காமல் 'பிரியான்' என்று கீழே எழுதி, "இதைப் படிச்சுட்டு நீயே சுவர்ப் பத்திரிகைக்கு எழுது" என்றார்கள். நான் ஏன் கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1972-ஆம் வருடம். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். ஸ்டான்லி புரூசினர் என்ற 30 வயது டாக்டரிடம் ஒரு பெண் நோயாளி வந்தார். ஞாபகம் போய்க்கொண்டே இருந்தது. வழக்கமா செய்யுற வேலைகூட அவருக்கு வரவில்லை. கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற நோய். பெயரைச் சொல்லவே நான் நாலு நாள் பழகினேன்! தொற்றுநோய் என்றால் காய்ச்சல் வரணும், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடணும். அந்த அம்மாவுக்கு இரண்டுமே இல்லை. மூளை மட்டும் அழிந்துகொண்டே போய், இறந்துவிட்டார்.

இதை புரூசினரால் மறக்க முடியவில்லை. ஆடுகளுக்கு இதே மாதிரி 'ஸ்கிரேப்பி' என்ற நோய் வரும். அந்த நோயின் கிருமியைப் பிரிக்க 1974-இல் ஆய்வு தொடங்கினார். சுண்டெலிகளை வைத்துச் செய்தால் ஒரே ஒரு சோதனைக்கு 60 எலி, ஒரு வருஷம்! பிறகு ஹாம்ஸ்டர் என்ற எலி வகைக்கு மாறினார். சுமார் 70 நாளில் முடிவு தெரிந்தது.

அவரும் முதலில் சின்ன வைரஸ்தான் கிடைக்கும் என்று நினைத்தார். ஆனால் எத்தனை முறை சுத்தம் செய்து பார்த்தாலும் புரதம்தான் இருந்தது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எதுவும் இல்லை. அது இல்லாமல் ஒரு கிருமி எப்படிப் பெருகும்? யாரும் நம்பவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றது. நிரந்தர வேலை கிடையாது என்று பல்கலைக்கழகமும் சொன்னது (பிறகு கொடுத்துவிட்டார்கள்). 1982-இல் துணிந்து கட்டுரை எழுதி, 'பிரியான்' என்று பெயரும் வைத்தார். பத்திரிகைகளில்கூட அவரைக் கிண்டல் செய்தார்களாம்.

சரி, பிரியான் எப்படிப் பெருகுது? அந்தப் புரதம் நம்ம எல்லார் மூளையிலும் இருக்கு. நல்லா மடிச்ச துணி மாதிரி ஒழுங்காக மடிந்திருக்கும். ஒன்று மட்டும் தப்பாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மாற்றிவிடும். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்னு சொல்வாங்களே, இது அதுக்குத் தலைகீழ்! கடைசியில் மூளை சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடும். கொதிக்க வைத்தாலும் அழியாது. உயிர் இருந்தால்தானே சாகும்?

1993-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள், இந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளுக்கு ஸ்கிரேப்பியைச் செலுத்திப் பார்த்தார்கள். நோய் வரவே இல்லை! 1996-இல், பைத்திய மாட்டு நோய் மாட்டிறைச்சி வழியாக மனிதர்களுக்கும் வந்திருக்கலாம் என்று இங்கிலாந்து அரசே அறிவித்தது. செத்த மாட்டின் எலும்பு, இறைச்சியை அரைத்து மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால் பரவிய நோய் அது. (புல் தின்கிற மாட்டுக்கு இறைச்சியா! எனக்குக் கோபமே வந்தது.) 1997-இல் புரூசினருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் இந்த நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

இப்போது என் காரணம். எங்க ஆயாவுக்கு ரெண்டு வருஷமா மறதி. என்னையே "நீ யாரு பாப்பா?"ன்னு கேக்கும். "பக்கத்துல படுக்காதே, உனக்கும் ஒட்டிக்கும்" என்று தெருவில் ஒருவர் சொன்னதும் பயந்து, நான் பாயைத் தள்ளிப் போட்டுவிட்டேன். டீச்சரிடம் சொன்னேன். வயதானவர்களுக்கு வரும் மறதி வேறு, கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் வரும், அதுகூடத் தொடுவதாலோ பக்கத்தில் படுப்பதாலோ ஒட்டாது என்று சொன்னார்கள்.

அன்று ராத்திரியே பாயைப் பழைய இடத்தில் போட்டேன். "ஏன் புள்ள இத்தனை நாளா வரல?"ன்னு ஆயா கேட்டுச்சு. அது மட்டும் எப்படி ஞாபகம் இருந்ததோ!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி