அரண்டவன் கண்ணுக்கு

பேய்ப்படம் பார்க்கும்போது பயம் மிஞ்சினால் கண்ணைப் பொத்திக்கொள்ளலாம். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் படம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சி எப்படியும் கடந்துபோகும். திகில் வீடியோ கேமில் அந்த வசதி கிடையாது. நீங்கள் கண்ணைப் பொத்தினால் கதையும் அப்படியே நின்றுவிடும். கையை எடுத்துப் பார்த்தால் அதே இருட்டு வராந்தா, அதே மூடிய கதவு, கதவுக்குப் பின்னால் அதே முனகல். வேறு யாரும் வந்து திறக்க மாட்டார்கள். உங்கள் கட்டைவிரல்தான் பொத்தானை அழுத்த வேண்டும்.

இந்த ஒரு வேறுபாடுதான் திகில் கேமைத் தனிக் கலையாக ஆக்கியிருக்கிறது. கேம் என்றாலே சுட்டுத்தள்ளுவது என்று நினைத்து ஒதுங்கி நிற்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகவும், விளையாட ஆசை இருந்தும் எதில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காகவும் ஐந்து கேம்களை இங்கே அறிமுகம் செய்கிறேன். ஐந்துமே மனித அச்சம் எப்படி இயங்குகிறது என்பதை ஆழ்ந்து யோசித்துச் செய்யப்பட்டவை.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் ஊரில் சொல்வார்கள். திகில் கேம் செய்பவர்களின் தொழில் ரகசியம் முழுவதும் இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். பேயை உருவாக்குவது அவர்களுக்கு இரண்டாவது வேலை. விளையாடுபவரை அரண்டவராக மாற்றுவதே முதல் வேலை. அதைச் செய்துவிட்டால் சுவரில் தொங்கும் சட்டைகூட மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எப்படி அரள வைப்பது? சாதாரண கேம்கள் நமக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கும்: பெரிய துப்பாக்கி, கூடுதல் வலிமை, புதிய வாகனம். திகில் கேம் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். எதை எடுக்கிறது என்பதில்தான் ஒவ்வொரு கேமின் தனித்தன்மையும் இருக்கிறது.

எண்ணிக் கொடுத்த குண்டுகள்

1996-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’, தாராளத்தைப் பறித்துக்கொண்டது. ஜப்பானில் அதன் பெயர் ‘பயோஹசார்ட்’. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. 1989-இல் கேப்காமே வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ என்ற பேய் மாளிகை கேமிலிருந்து முளைத்த யோசனை இது. ‘சர்வைவல் ஹாரர்’, அதாவது உயிர்பிழைப்பதே இலக்காக இருக்கும் திகில் வகை, இந்தப் பெயரோடு பரவியது ரெசிடென்ட் ஈவிலால்தான்.

காட்டுக்கு நடுவே ஒரு பாழடைந்த மாளிகை. உள்ளே நடமாடும் பிணங்கள். உங்களிடம் துப்பாக்கி உண்டு. ஆனால் குண்டுகள் எண்ணித்தான் கிடைக்கும். கிறிஸ் என்ற பாத்திரத்தால் ஒரு நேரத்தில் ஆறு பொருள்களைத்தான் சுமக்க முடியும். ஜில் என்ற இன்னொரு பாத்திரம் எட்டுப் பொருள்களைச் சுமக்கும். அதுவரை விளையாடியதைச் சேமித்துவைக்கத் தட்டச்சு இயந்திரத்தைத் தேடிப்போக வேண்டும். அதற்கான மை நாடாவும் அளவோடுதான் கிடைக்கும். இந்தப் பிணத்தைச் சுடுவதா, சுற்றிக்கொண்டு ஓடுவதா? இப்போதே சேமிப்பதா, இன்னும் இரண்டு அறைகள் தாண்டிப் பார்ப்பதா? ரேஷன் அரிசியை அளந்து அளந்து உலையில் போடும் வீட்டின் கவலை இந்த மாளிகையில் உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போதெல்லாம் திரை இருண்டு, ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும். அந்த நேரத்தில்தான் இயந்திரம் அடுத்த அறைக்கான தகவல்களைக் குறுந்தகட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கும். அன்றைய இயந்திரத்தின் வேகக்குறைவை மறைக்கச் செய்த ஏற்பாடு, கதவுக்குப் பின்னால் என்ன இருக்குமோ என்ற பதைப்பாக மாறிவிட்டது. இப்போது விளையாடுவதற்கு, 2002-இல் மறுபடி உருவாக்கப்பட்டு 2015-இல் துல்லியமான படத்தரத்தில் மீண்டும் வந்த பதிப்பே ஏற்றது.

மூடுபனி

கொனாமி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ பறித்தது பார்வையை. முழு ஊரையும் தூரம் வரை வரைந்து காட்டும் திறன் அன்றைய பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அதனால் ஊரையே மூடுபனியால் போர்த்திவிட்டார்கள். நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. உங்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன ரேடியோ. ஏதாவது ஜந்து பக்கத்தில் வந்தால் அது கரகரக்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. வருகிறது என்று மட்டும் தெரிந்து, எங்கே என்று தெரியாமல் நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் இந்த கேமின் உயிர். அகிரா யமாவோகா அமைத்த ஒலியில் இசையும் இரும்பு உராயும் சத்தமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும்.

இந்த வரிசையில் நான் விளையாடச் சொல்வது 2001-இல் வந்த ‘சைலன்ட் ஹில் 2’. மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனைவியிடமிருந்து ஜேம்ஸ் என்பவருக்கு ஒரு கடிதம் வருகிறது: நம்முடைய அந்த ஊரில் உனக்காகக் காத்திருக்கிறேன் என்று. அவர் போகிறார். அங்கே அவர் எதிர்கொள்ளும் கோர உருவங்கள் அவர் மனத்திலிருந்தே பிறந்தவை என்பது மெல்ல மெல்லப் புரியும். முடிவை இங்கே சொல்வது பாவம். குற்ற உணர்வைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் பேசும் கதை எந்தக் கலை வடிவத்திலும் அரிது. போலந்தின் புளூபர் டீம் புதிதாக உருவாக்கிய பதிப்பு 2024-இல் வந்திருக்கிறது. புதியவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

வெறுங்கை

சுவீடனைச் சேர்ந்த ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் என்ற சிறிய குழு, 2010-இல் ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ கேமை வெளியிட்டது. இவர்கள் பறித்தது ஆயுதத்தை. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, கைகலப்புகூட இல்லை. 1839, பிரஷ்ய நாட்டுக் கோட்டை ஒன்றில் டேனியல் என்ற இளைஞன் நினைவிழந்து விழித்தெழுகிறான். துரத்துவது எதுவானாலும் ஓடலாம், ஒளியலாம், வேறு வழியில்லை.

இதில் வெளிச்சத்தை வைத்து ஒரு கடினமான கணக்குப் போட்டிருக்கிறார்கள். இருட்டில் அதிக நேரம் நின்றால் டேனியலின் மனம் பேதலிக்கும். காட்சி நெளியும், இல்லாத ஒலிகள் கேட்கும். விளக்கை ஏற்றினால் மனம் தெளியும். ஆனால் தேடிவரும் ஜந்துவின் கண்ணில் பட்டுவிடுவீர்கள். விளக்குக்கான எண்ணெயும் குறைந்துகொண்டே போகும். அந்த ஜந்துவை உற்றுப் பார்த்தாலும் மனம் கலங்கும் என்பதால், எதிரி எப்படியிருக்கும் என்று சரியாகப் பார்க்காமலே முழு கேமையும் பயந்து முடிப்பவர்கள் உண்டு. கதவுகளைக்கூட ஒரு பொத்தானால் திறக்க முடியாது. மவுஸைப் பிடித்து, நிஜக் கதவை இழுப்பதுபோலவே இழுக்க வேண்டும். பின்னால் காலடி கேட்கும்போது கை நடுங்கி, தள்ள வேண்டிய கதவை இழுப்போம்.

தண்ணீர் தேங்கிய நிலவறைப் பகுதி இந்த கேமின் உச்சம். அங்கே இருக்கும் ஜந்து கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் சளப் சளப்பென்று தெறிப்பது மட்டும் தெரியும். ஒரு மரப்பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். தெறிக்கும் நீரை மட்டும் கொண்டு இத்தனை பயத்தை உண்டாக்க முடிந்தது கற்பனையின் வெற்றி.

மனப்பாடம் ஆகாத எதிரி

பெரும்பாலான கேம்களில் எதிரிகள் ஒரே பாதையில் போய்வருவார்கள். இரண்டு முறை தோற்றால் அந்தப் பாதை மனப்பாடமாகிவிடும், பயமும் போய்விடும். இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி 2014-இல் வெளியிட்ட ‘ஏலியன்: ஐசோலேஷன்’ இந்த மனப்பாடத்தைப் பறித்தது.

1979-இல் வந்த ‘ஏலியன்’ திரைப்படத்தின் நாயகி ரிப்ளியின் மகள் அமாண்டா, அந்தப் படத்தின் சம்பவங்கள் நடந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாயைத் தேடி ஒரு விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள். அங்கே ஒரு வேற்றுக்கோள் விலங்கு அலைகிறது. அதைக் கொல்ல முடியாது. அதற்குக் குறித்த பாதையும் கிடையாது. அதன் அறிவை இரண்டு அடுக்காக எழுதியிருக்கிறார்கள். ஓர் அடுக்கு, விலங்கின் புலன்கள்: ஓடினால் கேட்கும், எதிரே வந்தால் பார்க்கும். இன்னோர் அடுக்கு, மேலிருந்து கவனிக்கும் இயக்குநர். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று இயக்குநருக்கு எப்போதும் தெரியும். ஆனால் விலங்கிடம் முழுதாகச் சொல்லாது. ‘இந்தப் பக்கம் போய்ப் பார்’ என்று குறிப்பு மட்டும் கொடுக்கும். தேடிக் கண்டுபிடிப்பது விலங்கின் பாடு. அது உங்களை நெருக்கி நெடுநேரம் ஆகிவிட்டால், இயக்குநர் அதைக் கூரைக் குழாய்களுக்குள் திருப்பி அனுப்பி, நீங்கள் மூச்சுவிட இடம் தரும்.

இரும்பு அலமாரிக்குள் ஒளிந்து, கதவின் கீற்று வழியே அது நின்று மோப்பம் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அது போனபிறகுதான் எனக்கே தெரிந்தது.

பயம் ஏன் இனிக்கிறது?

பயப்படும்போது மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி உடலை உஷார்ப்படுத்துகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அதே நேரத்தில் சிந்திக்கும் மூளைக்கு, நாம் வீட்டில் பத்திரமாக இருக்கிறோம் என்பதும் தெரியும். ஆபத்து இல்லாமல் ஆபத்தை ஒத்திகை பார்க்கிறோம். குழந்தைகளுக்குக் கண்ணாமூச்சி பிடிப்பதும் இதனால்தான்.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் இத்தகைய விருப்பமான அச்சத்தை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் ஒரு பேய்வீட்டுக் கேளிக்கைக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தாலும் இன்பம் இல்லை. மிக அதிகமானாலும் இல்லை. நடுவில் ஓர் அளவில்தான் இன்பம் உச்சம் தொடுகிறது. ஏலியனைக் கூரைக்குத் திருப்பி அனுப்பும் அந்த இயக்குநர் செய்வதும் இதுதான். நம் பயத்தை அந்த நடு அளவிலேயே பிடித்துவைக்கிறது.

இது கதைதானே என்ற ஆறுதல்

ஐந்தாவது கேம் இந்த ஆறுதலையே பறித்துக்கொள்கிறது. தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட ‘டிடென்ஷன்’, 1960-களின் தைவானில் ஒரு மலைப்பள்ளியில் நடக்கிறது. புயல் மழையில் இரண்டு மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆவிகள் எதிரே வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு அவற்றைக் கடக்க வேண்டும். சோற்றுப் படையல் வைத்து அவற்றின் கவனத்தைத் திருப்பலாம். படையல் வைத்துப் பழகிய நமக்கு அந்தச் சடங்கின் பொருள் விளக்காமலே புரியும்.

போகப் போகத்தான் தெரிகிறது, அந்தப் பள்ளியைப் பிடித்திருப்பது ஆவிகளைவிடக் கொடியது என்று. தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. தடைசெய்யப்பட்ட புத்தகத்தைப் படித்ததற்காக ஆசிரியர்களும் மாணவர்களும் சிறைக்கும் கொலைக்களத்துக்கும் போன காலம் அது. ரகசியமாகக் கூடிப் படித்த ஒரு சிறு குழுவை யார் காட்டிக்கொடுத்தது என்பதே இந்தக் கதையின் முடிச்சு. 2019-இல் இது திரைப்படமாகவும் வந்தது. சாதாரணக் கணினியிலும் ஓடும் எளிய இருபரிமாணச் சித்திரங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். கணினியை அணைத்தபிறகு பயம் போய்விடும், துயரம் போகாது. ஐந்தில் ஒன்றுதான் விளையாட முடியும் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

தொடங்குகிறவர்களுக்கு

இதுவரை கன்ட்ரோலரையே தொடாதவர்கள், சுவீடனின் டார்சியர் ஸ்டூடியோஸ் 2017-இல் தந்த ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ விளையாடிக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த ஒரு சின்னஞ்சிறு பெண், ராட்சத மனிதர்கள் நிறைந்த கப்பலிலிருந்து தப்பிக்கும் கதை. அதன் பிறகு டிடென்ஷன், ரெசிடென்ட் ஈவில், சைலன்ட் ஹில் 2 என்று போகலாம். அம்னீசியாவும் ஏலியனும் கடைசியில் வரட்டும்.

இரவில், விளக்கைத் தணித்து, ஹெட்போன் மாட்டி விளையாடுங்கள். திகில் கேமில் பாதி வேலை காதில்தான் நடக்கிறது. ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இவற்றில் பெரும்பாலானவை வயது வந்தவர்களுக்கானவை. அட்டையில் அமெரிக்காவின் ‘எம்’ குறியீடு இருந்தால் 17 வயதை எட்டியவர்களுக்கு. ஐரோப்பாவின் ‘18’ இருந்தால் அந்த வயதை எட்டியவர்களுக்கு. சைலன்ட் ஹில் 2, டிடென்ஷன் இரண்டிலும் தற்கொலை பற்றிய பகுதிகள் வருகின்றன. மனம் சோர்ந்திருக்கும் நாள்களில் அவற்றைத் தள்ளிவையுங்கள். இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம்.

மற்றவர்கள் தயங்காமல் ஒன்றைத் தொடங்குங்கள். பயம் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு எழுந்து விளக்கைப் போடுங்கள். நாளைக்கு மீண்டும் அதே கதவுக்கு முன்னால் வந்து நிற்கலாம். அதைத் திறந்து உள்ளே போய்த் திரும்பி வரும்போது, இருண்டதெல்லாம் பேய் இல்லை என்று உங்கள் கண்ணே உங்களுக்குச் சொல்லும்.