வானத்தில் ஒரு வேளாண்மை – 9
பத்தடி உயரத்தில் இன்ஜின் நின்றால்...

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் பத்தடி உயரத்தில் பறக்கும். வேகம், மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றால் விமானிக்குச் சில விநாடிகள்தான் மிச்சம். யாரையும் கேட்க முடியாது, எதையும் புரட்டிப் பார்க்க முடியாது.

அவருக்குத் துணை, கையிலிருக்கும் வேகம். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வேகம் குறைந்து உயரம் கூடும். கூடவே மருந்துத் தொட்டியின் அவசரக் கதவைத் திறந்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஏர் டிராக்டர் 502 ரக விமானத்தின் தொட்டி ஏறக்குறைய 1,900 லிட்டர் கொள்ளும். நிறைந்திருந்தால் இரண்டு டன் பாரம். அதைக் கொட்டிவிட்டால் விமானம் இன்னும் மெதுவாகத் தரையைத் தொடலாம். மோதலில் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் கணக்கு.

அதன்பின் நேரே இறங்க வேண்டியதுதான். பலர் உயிரை விட்டது இந்த இடத்தில். பின்னால் ஓடுதளம் இருக்கிறதே என்ற ஆசையில் விமானத்தைத் திருப்புவார்கள். வேகம் குறைந்த விமானத்தைச் சாய்த்துத் திருப்பினால், இறக்கை தாங்கும் வலுவை இழந்து, மூக்கு குத்தி விழும். எதிரே மக்காச்சோளக் கொல்லையே இருந்தாலும் அதில் இறங்குவது மேல். அதுவும் சால் ஓடும் திசையில். தண்ணீர் கட்டிய நெல்வயல் மேலிருந்து பார்க்க மெத்தைபோலத் தெரியும். நம்பி இறங்கினால் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழும்.

விமானி செய்யக்கூடியது இவ்வளவுதான். இறங்கிய பிறகு அவரைக் காப்பாற்ற வேண்டியவர் விமானத்தை வரைந்த பொறியாளர்.

அப்படி வரைந்தவர்களில் முதன்மையானவர் பிரெட் வைக். டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் அவர் உருவாக்கிய ஏஜி-1 விமானம் 1950-இல் பறந்தது. முன்னால் இன்ஜின், அடுத்து மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரமான இருக்கையில் விமானி. இருக்கையும் வார்ப்பட்டைகளும் 40 ஜி, அதாவது உடல் எடையைப்போல 40 மடங்கு விசையைத் தாங்கும்படி அமைக்கப்பட்டன. மனிதனால் அதைத் தாங்க முடியுமா? 1954-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு 46 ஜி வரை தாங்கி உயிர்பிழைத்தார்.

கணக்கு போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதுபவரை 40 ஜி விசையில் நிறுத்த ஒரு மீட்டர் தூரம் போதும். முன்பகுதி நசுங்கி அந்த ஒரு மீட்டரைத் தந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். விமானம் நொறுங்கலாம், விமானி நொறுங்கக் கூடாது என்று முடிவெடுத்து ஒருவர் வரைந்தாரே, அந்த அக்கறையை நான் வணங்குகிறேன்.

ஆனாலும் ஒரு குறை தங்கிவிட்டது. வைக் அடுத்து வடிவமைத்த பைப்பர் பாவ்னி 1959-இல் விற்பனைக்கு வந்தது. பிறகு ஐயாயிரத்துக்கும் மேல் தயாரானது. அதில் பெட்ரோல் டாங்க் விமானியின் முன்னால், இன்ஜினுக்கும் மருந்துத் தொட்டிக்கும் நடுவே இருந்தது. நசுங்குவதற்கென்று விட்ட இடத்திலேயே எரிபொருள்! மோதலில் தப்பியவரைத் தீ விடாது. 1970-களில் வந்த பாவ்னி டி ரகத்தில்தான் டாங்க் இறக்கைக்கு மாறியது. அந்த மாற்றம் முதல் விமானத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

(தொடரும்)