பழைய காருக்குப் பதில் எந்தச் சிறு கார்?

டில்லியில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கார் என்பது ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் குர்காவோன் தொழிற்சாலையிலிருந்து மாருதி 800 வெளிவந்தபோது, அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்றிய நம் பெரியோர் பலருக்கு அது எட்டாக் கனியே. பின்னர் 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோவும், 1999-இல் மாருதி வாகன்ஆரும், 2000-இல் ஆல்டோவும் வந்தன. கடன் வசதியும் பெருகியது. கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் நம்மவர் வாயில்களில் சிறு வண்டிகள் வந்து நின்றன. 'நம் ஊரில் செய்தது' என்ற ஒரே காரணத்தால் சான்ட்ரோவை வாங்கி மகிழ்ந்தவர்களையும் நாம் அறிவோம். அக்காலத்தில் வாங்கிய வண்டிகளும் அவற்றுக்குப் பின் வாங்கியவையும் இப்போது ஒவ்வொன்றாக முதுமை எய்தி வருகின்றன.

பிற நகரங்களில் வண்டி ஓடும்வரை ஓட்டலாம். தலைநகரிலோ சட்டம் குறுக்கே நிற்கிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. 2025 ஜூலை முதல் நாளன்று இத்தகைய வண்டிகளுக்கு எண்ணெய் மறுக்கும் ஏற்பாடு தொடங்கிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, பழைய வண்டி வைத்திருந்தோர் பெருமூச்சு விட்டனர். டிசம்பரில் அச்சலுகை பாரத் ஸ்டேஜ் 4-க்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் மட்டுமே உரியது என்று திருத்தப்பட்டது. டில்லியில் 4-ஆம் தரம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் வாங்கிய வண்டியாயின், பதிவுச் சான்றிதழை எடுத்துத் தரம் என்னவென்று பார்த்துக்கொள்வது நல்லது.

நம் இல்லத்து வண்டி 2009-இல் வாங்கியது, 3-ஆம் தரத்தது. ஓட்டத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அதற்கு விடைகொடுக்க வேண்டிய வேளை வந்தது. புதுடில்லி இரயில் நிலையத்துக்கு எத்தனை முறை சென்றிருக்கும்! ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் அரிசி மூட்டை, வடாம், ஊறுகாய் ஜாடி யாவற்றையும் முகம் கோணாமல் சுமந்த வண்டி அது. அதனிடத்தில் வருவது எது என்னும் கேள்வி நம் வீட்டில் இரண்டு மாத காலம் உணவு வேளைதோறும் எழுந்தது. மகனுக்கு மேற்கூரையில் கண்ணாடித் திறப்பு வேண்டும். துணைவியாருக்கு அலுவலகம் சென்றுவரக் கிளட்ச் மிதிக்காத வண்டி வேண்டும். அன்னையாரோ எதையும் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் முழங்கால் வலியோடு இருப்பவருடைய தேவையை நாமாக அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆதலின் விளம்பரத் தாள்களை ஒதுக்கிவிட்டு, அன்னையாரையே விற்பனைக் கூடங்களுக்கு அழைத்துச் சென்றோம். இதனை ஒவ்வொரு குடும்பத்தாரும் செய்யவேண்டும் என்பது நம் கருத்து. காகிதத்தில் அழகாகத் தோன்றிய ஒரு வண்டியில் அமர்ந்ததும், "இதுல உக்காந்துட்டா எழுந்திருக்க ரெண்டு பேர் வேணும்டா" என்றார் அன்னையார். அத்துடன் அவ்வண்டியின் கதை முடிந்தது. இருக்கை தாழ்வாக இருந்தால் முதியவர் உள்ளே விழவேண்டும், வெளியேற ஏறவேண்டும். இடுப்பளவில் இருக்கை அமைந்தால் பக்கவாட்டில் அமர்ந்து காலைத் திருப்பினாற் போதும். வாகன்ஆர் 1,675 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. அவ்வுயரத்தின் பயன் அப்போதுதான் விளங்கிற்று. ஸ்விஃப்ட் பார்வைக்குச் சிறந்தது, ஓட்டுவதற்கும் இன்பமானது, ஆயின் தாழ்ந்தது. இளைஞர் இருவர் வாழும் இல்லத்துக்கு அதனைத் தயங்காது சொல்லுவோம்.

அடுத்தது சாமான் வைக்கும் இடம். ஆல்டோ கே10-இல் 214 லிட்டர், டியாகோவில் 242, வாகன்ஆரில் 341 என்று கணக்குச் சொல்வார்கள். லிட்டரில் எவரும் மூட்டை கட்டுவதில்லை. வீட்டுப் பெரிய பெட்டியை எடுத்துச் சென்று வைத்துப் பார்ப்பதே சரியான அளவை. வீட்டில் வீணை பயிலும் பெண் இருந்தால், பின்னிருக்கை 60-க்கு 40 என்னும் பங்கில் தனித்தனியே மடிகிறதா என்று பாருங்கள். முழுதாக மடியும் இருக்கையாயின், வீணை வண்டியில் வரும், மாணவிதான் ஆட்டோவில் வரவேண்டும்.

இங்கே சி.என்.ஜி. பற்றிச் சொல்லவேண்டும். நாள்தோறும் நொய்டாவுக்கோ குர்காவோனுக்கோ நெடுந்தூரம் செல்வோர்க்கு அது செலவைக் குறைக்கும். பேருந்துகளை அவ்வெரிபொருளுக்கு மாற்றிய நகரமாதலின் நிரப்பும் நிலையங்களும் பல உள்ளன, வரிசையும் உண்டு. ஆனால் உருளை பின்புறத்தை அடைத்துக்கொள்ளும். 2023 முதல் டாடா நிறுவனம் ஒரு பெரிய உருளைக்குப் பதில் இரண்டு சிறு உருளைகளைத் தரைக்கு அடியில் வைக்கத் தொடங்கியது. பின்னர் ஹூண்டாயும் அவ்வழியை மேற்கொண்டது. இவ்வமைப்பில் ஓரளவு இடம் மிஞ்சுகிறது. உருளையை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. வாரத்துக்கு இருமுறை கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் செல்லும் இல்லங்களுக்குப் பெட்ரோலே போதும். டீசலை நாம் பேசவேயில்லை. பத்தாண்டு எல்லை ஒருபுறமிருக்க, மாருதி நிறுவனம் 2020-இல் டீசல் வண்டிகளைக் கைவிட்ட பின் சிறு கார்களில் அது அரிதாகிவிட்டது.

கிளட்ச் இல்லாத வண்டி என்று துணைவியார் கேட்டது நியாயமே. ஆசிரமச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார். சிறு கார்களில் 2014-இல் செலேரியோ வழியாகப் பரவிய ஏ.எம்.டி. முறை, வழக்கமான பல்சக்கரப் பெட்டியையே கருவியால் இயக்குவது. விலை ஏறக்குறைய அரை லட்ச ரூபாய் கூடும். பல் மாறும்போது தலையசைப்பதுபோல் ஒரு சிறு தயக்கம் உண்டு. மேம்பாலச் சரிவில் பின்னோக்கி உருளாமல் காக்கும் அமைப்பு இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர்க்காப்பு. நம்மவர் மைலேஜ் கேட்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை இதில் காட்டுவதில்லை என்பது நம் நெடுநாளைய வருத்தம். 2023-இல் தொடங்கிய பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில் வண்டியை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறமாக மோதவிட்டும், பக்கவாட்டில் மணிக்கு 50 கிலோமீட்டரில் இடித்தும் பார்த்து நட்சத்திரம் அளிக்கிறார்கள். அதற்கு முன் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பின் சோதனையில் 2020-இல் டியாகோ நான்கு நட்சத்திரம் பெற்றது. 2023-இல் வாகன்ஆர் ஒன்றே பெற்றது. இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிடுதல் முறையன்று. 2022-இல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. டியாகோ எழுதியது பழைய வினாத்தாள். 2025-இல் வாகன்ஆரில் ஆறு காற்றுப் பைகள் எல்லா வகைகளிலும் பொருத்தப்பட்டன. பைகள் கூடியது நன்றே. ஆயினும் வண்டியின் கூடு உறுதியாக இருத்தல் வேறு, பைகள் இருத்தல் வேறு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலையுயர்ந்த வண்டியின் பின்னிருக்கையில் பட்டை அணியாது சென்று விபத்தில் மாண்டதை நாடறியும். ஆதலால் பின்னிருக்கை நடுவில் அமர்பவருக்கும் தோள்வழிப் பட்டை உண்டா என்று விற்பவரைக் கேளுங்கள். அதை அணியுமாறு வீட்டுப் பெரியவரையும் கேளுங்கள்.

முழங்காலா, கூடா என்று நம் வீட்டில் வழக்கு முற்றியது. நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு முழங்காலே பெரிது என்று ஒரு நாள் தோன்றும். ஆக்ரா நெடுஞ்சாலையை நினைத்தால் மறுநாள் கூடே பெரிது என்று தோன்றும். இறுதியில் டியாகோவில் அன்னையாரை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். முன்னிருக்கையை முழுதும் பின்னுக்குத் தள்ளினால் துணையின்றி எழ முடிந்தது. அதையே ஏ.எம்.டி. வகையில் முடிவு செய்தோம். கூரைத் திறப்புக் கிட்டாத மகன் ஒரு வாரம் பேசவில்லை. நெடுந்தூரம் செல்லாத முதியோர் இருவர் மட்டும் வாழும் இல்லமாயின் நம் பரிந்துரை இன்றும் வாகன்ஆரே.

விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உடைய பெட்ரோல் வண்டிகளுக்கு வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. முன்பு மேல்வரியுடன் 29. வரிக்கு முன் ஐந்து லட்சம் என்றால் 55,000 ரூபாய் மிச்சம். பழைய வண்டியைப் பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் தரும் சான்றினைக் காட்டி, மாநில விதிப்படி புதிய வண்டியின் சாலை வரியிலும் சலுகை பெறலாம். தெருமுனைப் பழைய இரும்புக்காரர் சில ஆயிரம் கூடத் தருவார், சான்று தரமாட்டார்.

மாற்றல் உத்தியோகத்தில் இருப்போர் 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவைக் கருதவேண்டும். மத்திய, மாநில அரசு ஊழியர்க்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உடைய தனியார் நிறுவன ஊழியர்க்கும் அது கிட்டும். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகச் செலுத்தலாம். சென்னைக்கோ புனேக்கோ மாற்றலானால் மறுபதிவுக்கு அலையவேண்டியதில்லை. ஓய்வுக்குப் பின் வண்டியோடு ஊர் திரும்ப எண்ணுவோர்க்கு இது சிந்திக்கத்தக்கது.

காப்பீட்டில் ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. இழப்பீடு கேளாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, 50 விழுக்காடு வரை உயர்வது, வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய வண்டியைக் கைமாற்றிய பின் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் பெற்றுப் புதிய வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்பனையாளர் தாமாக இதைச் சொல்லமாட்டார். ஆடி மாதத்தில் நம்மவர் வண்டி எடுப்பதில்லை என்பதும் டில்லி விற்பனையாளருக்குத் தெரியாது. விலை பேசுவதற்கு அது நல்ல மாதம். பேசி முடித்து முன்பணம் கட்டிவிட்டு, ஆவணி பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம்.