‘பிரிபோன்’ தப்பான இங்கிலீஷா? மெயில் அனுப்பும் முன் இதைப் படிங்க!

வெள்ளிக்கிழமை மாலை 5 மணி மீட்டிங் 3 மணிக்கு மாறிவிட்டது. ‘மீட்டிங் பிரிபோன் ஆகிடுச்சு’ என்று ஆபீஸ் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதும். சென்னை, பெங்களூரு ஆட்கள் சரியாக வந்துவிடுவார்கள். அதே வார்த்தையை லண்டன் கிளையன்ட்டுக்கு அனுப்பினால்? ‘போஸ்ட்போன் என்பதைத்தான் தப்பா டைப் பண்ணிட்டாங்க போல’ என்று அவர் நினைக்க வாய்ப்பு உண்டு. 3 மணிக்கு நீங்கள் மட்டும் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்போ இது தப்பான வார்த்தையா? இல்லவே இல்லை.

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘போஸ்ட்’ என்றால் பின்; ‘போனெரே’ என்றால் வைப்பது. பின்னால் வைத்தால் போஸ்ட்போன். முன்னால் வைத்தால் பிரிபோன். 1913-லேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு ஒருவர் எழுதிய கடிதத்தில், போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக இது இடம்பெற்றது. அமெரிக்காவில் அது ஒட்டவில்லை. இந்தியாவில்தான் ஸ்கூல், கோர்ட், ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் புழங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இந்தச் சொல் இருக்கிறது.

‘ஃபார்வர்டு’ குழப்பம்

‘புதன்கிழமை மீட்டிங்கை ரெண்டு நாள் மூவ் ஃபார்வர்டு பண்ணியாச்சு’ என்றால், மீட்டிங் என்றைக்கு? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களிலேயே சிலர் திங்கள் என்பார்கள். சிலர் வெள்ளி என்பார்கள். மொழி ஆய்வாளர்கள் பலமுறை கேட்டுப் பார்த்த கேள்வி இது. தமிழில் ‘ரெண்டு நாள் முன்னாடி’ என்றால் திங்கள்தான், சந்தேகமே இல்லை. பிரிபோனும் அப்படித்தான். ஒரே அர்த்தம், குழப்பம் கிடையாது.

‘டு’வா, ‘பை’யா?

நம்ம ஊருக்குள்ளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 5 மணி மீட்டிங்கை ‘பிரிபோன்டு டு டூ’ என்று எழுதினால், 2 மணிக்கு மீட்டிங். ‘பிரிபோன்டு பை டூ அவர்ஸ்’ என்றால் 2 மணி நேரம் முன்னதாக, அதாவது 3 மணிக்கு. ‘பிரிபோன்டு ஏர்லியர்’ என்றும் எழுத வேண்டாம். பிரிபோன் என்றாலே முன்னதாக வைப்பதுதான்.

என்ன எழுதலாம்?

இந்திய அலுவலகங்களுக்குள் பிரிபோனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிரிட்டன்காரர்களுக்கு ‘பிரிங் ஃபார்வர்டு’ பழக்கம். அமெரிக்கர்களுக்கு ‘மூவ் அப்’. எதை எழுதினாலும் பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும் தேதியோடு போட்டுவிடுங்கள். அது இந்திய நேரமா, அவங்க ஊர் நேரமா என்பதையும் சேர்த்துவிட்டால், வார்த்தை புரியாதவர்கூட சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்.