முதுமைக்கு எவ்வூர்?

ஊரையும் உறவையும் விட்டு ஒருவன் பிரிவதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்துக் காட்டியுள்ளார். கல்வி கற்கப் பிரிதல், பகை வெல்லப் பிரிதல், தூது செல்லப் பிரிதல், பொருள் தேடப் பிரிதல் என அவை விரியும். அவற்றுள் எதிலும் அடங்காத பிரிவொன்றை எங்கள் மலைநாடு கண்டது. உழைத்து ஓய்ந்த முதியவர், தாம் பிறந்த மண்ணை விட்டு, தாம் ஒருநாளும் பாராத ‘சொந்த ஊரை’ நாடிச் செல்லும் பிரிவு அது. பிரிந்தவன் மீண்டு வருவான் என்று ஆற்றியிருத்தல் அகத்திணை மரபு. இப்பிரிவில் ஆற்றியிருக்கவும் இடமில்லை. சென்றவர் மீளார் என்பது இருசாரார்க்கும் தெரியும்.

இவ்வாண்டு எனக்கு ஐம்பத்தைந்து வயது நிரம்பிற்று. “ஓய்வு பெற்றபின் எங்கே இருக்க உத்தேசம்?” என்று நண்பர்கள் வினவத் தொடங்கிவிட்டனர். ஒருவர் கனடாவிலுள்ள மகனிடம் செல்லவிருக்கிறார். மற்றொருவர் திருச்சியில் வீடு பார்க்கின்றார். இவ்வினாவைக் கேட்குந்தோறும் என் நெஞ்சு 1982ஆம் ஆண்டின் ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு ஓடிவிடுகின்றது.

அதற்குமுன் வரலாற்றைச் சிறிது நினைவூட்டல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் என மதிப்பிடப்பெற்ற மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் இணக்கம் ஏற்பட்டது. ஏழு பேர் கப்பலேறினால் நால்வர்க்கு இங்கே குடியுரிமை என்னும் கணக்கும் இருந்தது.

அவ்வொப்பந்தத்தில் பலரும் கவனியாத வாசகம் ஒன்றுண்டு. இந்தியா செல்வோர் தத்தம் முறை வரும் வரையிலோ, ஐம்பத்தைந்து வயது நிரம்பும் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை வேலையில் நீடிக்கலாம் என்பது அது. புறப்படும்போது சேமலாப நிதி, பணிக்கொடை முதலிய தம் உடைமைகளை நாணயக் கட்டுப்பாட்டு விதிகளுக்கமையக் கொண்டு செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டு செல்லத்தக்க தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது. ஒருவனது முதுமைக்கு இரண்டு அரசுகள் கூடி வரைந்த ஏற்பாடு இவ்வளவே!

ஏட்டில் இவ்வளவு, வாழ்விலோ எத்தனை! கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டும். கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவை கைக்கு வரவேண்டும். ஆட்டையும் மாட்டையும் அயலார்க்கு விற்க வேண்டும். அம்மிக்கல்லை எடுத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா என்று வீட்டுக்குள் வழக்காடி முடிக்க வேண்டும். தேயிலைப் பெட்டிகளிற் பாத்திரங்களை அடுக்கி ஆணியடிக்க வேண்டும். கோச்சி ஏறித் தலைமன்னார்த் துறைக்கும், அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேசுவரத்துக்கும், பின்னர் மண்டபம் முகாமுக்கும் செல்வது வழி. நிலையத்தில் எழுந்த அழுகையால் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே மக்கள் பெயரிட்டனர். அதனினும் பொருத்தமான காரணப்பெயரை யான் எந்நிகண்டிலும் கண்டதில்லை.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் ரகரத்தில் தொடங்குவது என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றேன். அவரும் மனைவியும் இந்தியக் குடிகளாய்ப் பதிவு பெற்றவர்கள். மணமான மகள் இலங்கைக் குடியாயினாள். வயது அறுபதை நெருங்கியிருந்தது. பயண நாள் குறித்தாயிற்று. சேமலாப நிதிக்குரிய படிவத்தை நிரப்ப லயத்தில் எழுத்தறிந்தார் அரியர். “தம்பி நல்லா எழுதுவான்” என்று என்னைத் தேடி வந்தார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ரகரம் சொல்லுக்கு முதலாகாது என்னும் இலக்கண விதியை அவ்வாண்டுதான் எங்கள் ஆசிரியர் கற்பித்திருந்தார். கற்ற செருக்கு என்னை விட்டபாடில்லை. பெரியவர் சொன்ன பெயருக்கு முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து, அழகிய கையெழுத்தில் எழுதினேன். அவர் அதன்மீது பெருவிரல் ரேகை பதித்தார். எழுத்தறியாதவர் என்னை நம்பினார்.

தோட்டத்துப் பதிவேட்டில் அவர் பெயர் ஆங்கிலத்தில் இகரமின்றி இருந்தது. என் படிவத்தை ஆங்கிலப்படுத்தியவரோ நான் எழுதியவாறே முதலில் ஓர் ‘ஐ’ எழுத்தை இட்டார். இருவரும் ஒருவர்தாம் என்பதற்குச் சான்று வேண்டும் என அலுவலகம் கேட்டது. அக்கடிதம் வந்து சேர்ந்தபோது பெரியவர் கடலைக் கடந்துவிட்டார். மகள் கடிதத்தை என்னிடமே கொணர்ந்தாள். “பெயரில் வேறுபாடு இருக்கிறதாம், அக்கா” என்று படித்துச் சொன்னேன். அவ்வேறுபாடு என் கையால் விளைந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பின்னர் சத்தியக் கடதாசிகள் இக்கரைக்கும் அக்கரைக்குமாய் அலைந்தன. 1983இன் கலவரம் வந்தது. 1984இல் கப்பற் போக்குவரத்தும் நின்றது. பணம் அவர் கையிற் சேர இரண்டரை ஆண்டாயிற்று. அவ்வளவு காலமும், ஓய்வுக்கென்று சென்ற அம்முதியவர் கோத்தகிரிப் பக்கத்தில் நாட்கூலிக்கு மண்வெட்டி பிடித்தார். இறுதியில் எவர் கையாலோ எழுதுவித்த ஒரு கடிதம் வந்தது. “பணம் வந்துருச்சு. இங்கயும் குளிருதான், கம்பளி ஒதவுது. தம்பி எழுதுனதுதான் சரியான பேருன்னு இங்க ஒரு வாத்தியார் சொன்னாரு” என்றிருந்தது. அவர் வைதிருந்தால் ஆறியிருப்பேன். பெருமையல்லவா பட்டிருந்தார்!

இவ்வாறு சென்றவர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் அவர்களுக்கென ஏற்பாடுகள் இல்லாமலில்லை. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள் அமைத்து வேலை கொடுத்தது. 1969இல் ரெப்கோ வங்கி தோன்றியது. ஆயினும் ‘தாயகம் திரும்பியோர்’ என அவர்களுக்கு இட்ட பெயர் என் மனத்தை உறுத்தும். முன் இருந்த இடத்துக்குப் போவதன்றோ திரும்புதல்? ஹட்டனிற் பிறந்தவர் கோத்தகிரிக்கு எங்ஙனம் திரும்புவார்? பலர் சமவெளியின் வெயில் தாங்காது மலைகளை நாடினர். அவர்கள் தேடியது குளிரையும் பனியையும் தேயிலைப் பச்சையையும், அஃதாவது, விட்டுவந்த ஊரையே.

இங்கே தங்கியோர் முதுமையும் எளிதன்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை தந்தது. நாடு கிடைத்தது, வீடு? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குரியது. உழைக்கும் கை ஓய்ந்தபின் அதில் வாழும் உரிமை, வேலை செய்யும் மகனையோ மருமகளையோ பற்றி நிற்பது. இந்திய உதவியால் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பெற்ற 10,000 வீடுகளும் சேர்ந்து 14,000 என்பது கணக்கு. சிறு காணியும் ஒரு தனி வீடும் என்பது அண்மைக் காலத்துத் திட்டம். மலையகத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இருநூறாண்டுக்குப் பின்னும் தம் பெயருக்கு ஒரு படி நிலமில்லாத முதியோர் பலர் நம்மிடையே உளர்.

ஆதலின் ஓய்வை நெருங்குவோர்க்கு அனுபவத்திற் கண்ட சிலவற்றைக் கூறுகின்றேன். சேமலாப நிதியை ஆண்கள் ஐம்பத்தைந்திலும் பெண்கள் ஐம்பதிலும் பெறலாம். நிரந்தரமாக வெளிநாடு செல்வோர் அவ்வயதுக்கு முன்னரும் பெறலாம். நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு, பணிக்கொடை வேறு. மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அங்கத்துவ இலக்கமுள்ள பத்திரம் ஆகியவற்றை அருகருகே வைத்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருப்பின் வேலையிலிருக்கும்போதே சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துத் திருத்திக்கொள்ளுங்கள். பின்னுரித்தாளர் பெயரையும் மறவாது பதியுங்கள். பிள்ளைகளை நாடி வெளிநாடு செல்லும் ஆசிரிய நண்பர்களுக்கும் இஃது ஒக்கும்.

இப்போதும் சனிக்கிழமைகளில் முதியோர் சிலர் படிவங்களுடன் என் வீட்டுக்கு வருகின்றனர். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்த கை இது. ஆயினும் படிவத்தில் அது இலக்கணம் பாராது. “பதிவில் எப்படி இருக்கு, ஐயா?” என்று கேட்டு, அவ்வாறே எழுதி, மூன்று முறை வாசித்துக் காட்டிய பின்னரே ரேகை வாங்குகின்றேன். ரகரம் முதலில் வந்தால் வரட்டும்.

நான் எங்கே இருக்க உத்தேசம் என்பார்க்கு விடையும் அதுவே. அப்படிவங்கள் வரும் ஊரில் இருப்பேன்.