எளியதன் குரல்

வாய் மூடிக் கிடந்தால் பிழைக்கலாம் என்பது எளியோரிடை வழங்கும் நம்பிக்கை. அமெரிக்க அரிஸோனா பிரதேசத்து விட்டிற் பூச்சியான பெர்தோல்டியாவின் சரிதை அதனைப் பொய்ப்பிக்கின்றதென்போம்.

வௌவால் இரவில் தான் எழுப்பும் நுண்ணொலி இரைமீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே வேட்டையாடுவது. இவ்விட்டிலின் இனத்தவற்றுட் பல, மார்பின் இருமருங்கிலும் உள்ள சிறு தகடுகளை நெளித்து ஒலி எழுப்புவன. நஞ்சுடையவற்றிற்கு அவ்வொலி, ‘எம்மைத் தின்னற்க’ என்னும் எச்சரிக்கை. பெர்தோல்டியாவின் உபாயமோ வேறு. பகை நெருங்கியதும் அது விநாடிக்கு 4,500 வரை ஒலிகளைச் சொரிகின்றது. எதிரொலியைத் தெளிய மாட்டாத வௌவால் குறி தவறுகின்றது.

2009-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் இதனைப் பரிசோதனையால் நிலைநாட்டினர். ஒலியிழந்த விட்டில்களே பெரிதும் இரையாயின.

வலியவன் நம்பியிருக்கும் புலனையே கலக்குவது எளியதன் குரல். மௌனமன்று, அக்குரலே அதற்குக் காப்பு.